கம்ப்யூட்டர் ஓடுகிறது, டிவியில் படம் இல்லை: எங்கே தேடுவது?

டிவியில் படம் போய்விட்டது என்றதும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, கம்ப்யூட்டரையும் டிவியையும் இணைக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவது. பாதி நேரம் அதிலேயே படம் வந்துவிடும், ஆனால் ஏன் வந்தது என்று தெரியாது, அடுத்த வாரம் மறுபடியும் போகும். நானும் இப்படியே ஒரு மாதம் ஓட்டிவிட்டு, கேபிள்தான் கெட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. கடைசியில் குற்றவாளி கேபிளே இல்லை, நடுவில் இருந்த ரிசீவர், அதாவது படத்தை டிவிக்குக் கடத்திவிட்டு சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி.

கேபிளைத் தொடுவதற்கு முன் டிவி என்ன சொல்கிறது என்று பாருங்கள். "சிக்னல் இல்லை" என்று எழுத்து வருவது ஒரு வகை. "இந்த வடிவத்தைக் காட்ட முடியாது" என்பது வேறு வகை, அதாவது சிக்னல் வருகிறது, டிவிக்குத்தான் அது புரியவில்லை. எழுத்தே இல்லாமல் வெறும் கறுப்புத் திரை, விட்டுவிட்டு மின்னுவது, சில படங்களுக்கு மட்டும் இருட்டாவது, இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கறுப்புத் திரையில் சத்தம் மட்டும் டிவியின் ஸ்பீக்கரிலேயே கேட்கிறதா? நல்ல செய்தி. படமும் சத்தமும் ஒரே கம்பிகளில்தான் வருகின்றன, அதனால் இணைப்பு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது, டிவி மெனுவிலோ திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டிலோதான் கோளாறு.

படம் வருவதற்கு முன் இரண்டு பெட்டிகளும் சின்னதாக ஒரு பேச்சுவார்த்தை நடத்துகின்றன. ஹெச்டிஎம்ஐ பிளக்கில் பின் என்ற குட்டி உலோக முனைகள் மொத்தம் 19. கம்ப்யூட்டர் 18வது பின்னில் 5 வோல்ட் கொடுக்கும், டிவி 19வது பின் வழியாக "நான் இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். அப்புறம் கம்ப்யூட்டர், டிவியின் ஈடிஐடி என்ற குட்டி விவரப் பட்டியலைப் படித்து, டிவியால் எந்த ரெசல்யூஷனை எந்த வேகத்தில் காட்ட முடியும் என்று தெரிந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் படம். நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட படமாக இருந்தால் ஹெச்டிசிபி என்று இன்னொரு சோதனையும் உண்டு. இந்தப் பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு அழுத்த அழுத்த மாறினால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. மாறவில்லை என்றால் டிவியை நோண்டிப் பயனில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்த கார்டில்தான் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகிவிட்டோமா என்று ஒருமுறை பாருங்கள், சிரிக்காதீர்கள், தூசி தட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது நடப்பதுதான். டிவியில் சரியான இன்புட்தான் இருக்கிறதா என்பதும் அப்படியே.

விண்டோஸ் என்றால் திரை தெரியாமலே இரண்டு விஷயம் செய்யலாம். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி, அதாவது பஸ்ஸில் வரும் பி, சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் மட்டும் புதிதாகக் கிளம்பும், ஒரு பீப் சத்தம் கேட்கும், திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. அடுத்தது விண்டோஸ் கீயும் பேப்பரில் வரும் பி-யும். படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் திறக்கும், கீழ் அம்பை ஒருமுறை தட்டி என்டர் கொடுத்து சில விநாடி பொறுங்கள், வரவில்லை என்றால் மறுபடி செய்யுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் இரண்டையும் உண்மையாகவே அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்குகிறது, அவ்வளவுதான், உள்ளே குழம்பிப்போன ஹெச்டிஎம்ஐ பகுதி அப்படியே விழித்திருக்கலாம். சுவரிலிருந்து பிளக்கை எடுத்து, ஹெச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது முதலில் டிவி, அடுத்து ரிசீவர், கடைசியில் கம்ப்யூட்டர்.

இப்போது கம்ப்யூட்டர் கிளம்பும்போது கண்ணை எடுக்காமல் பாருங்கள், ஏனென்றால் முழு வேலையிலும் அதிகம் சொல்லிக்கொடுக்கும் இடம் இதுதான். விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் லோகோ, அதாவது கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம், தெரிந்து, விண்டோஸ் வரும் நேரத்தில் திரை இருண்டால், கேபிளும் போர்ட்டும் அடிப்படையில் வேலை செய்கின்றன, கோளாறு டிரைவரிலோ டிவிக்கு ஒத்துவராத ரெசல்யூஷனிலோ இருக்கிறது. அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். லோகோவே வரவில்லை என்றால் கேபிள், போர்ட், கார்டு என்று கையால் தொடக்கூடியவற்றைப் பாருங்கள்.

ரிசீவர் நடுவில் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக டிவியில் மாட்டிப் பார்க்காமல் வேறு எதையும் முடிவு செய்யாதீர்கள். கம்ப்யூட்டருக்கு அது தன் விவரத்தையும் டிவியின் விவரத்தையும் கலந்துதான் கொடுக்கும், அந்தக் கலவையில் தப்பு நடந்தால் கம்ப்யூட்டர் பாவம் என்ன செய்யும். சில படங்களுக்கு மட்டும் இருட்டாகிறது என்றாலும் சந்தேகம் இங்கேதான்: பூட்டுப் போட்ட 4கே படத்துக்குப் பொதுவாக ஹெச்டிசிபி 2.2 வேண்டும், அதுவும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் வேண்டும். பழைய ரிசீவர் ஒன்று போதும், மொத்தமும் நின்றுவிடும்.

சரி, கேபிளுக்கு வருவோம். 1080பி, 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும்) படத்துக்கு விநாடிக்கு சுமார் 4.5 கிகாபிட் போதும். அதே 60 ஹெர்ட்ஸில் 4கே என்றால் கிட்டத்தட்ட 18 கிகாபிட். அதனால்தான் நேற்றுவரை நன்றாக ஓடிய கேபிள், புது டிவி வந்த அன்று மின்னத் தொடங்குகிறது. வெள்ளைப் புள்ளிகள் சிதறினாலோ படம் ஒரு விநாடி போய்ப் போய் வந்தாலோ, ரெசல்யூஷனை 1080பிக்கு இறக்கிப் பாருங்கள். சீராகிவிட்டால் கேபிள்மேல் பழி போடலாம். வாங்கும்போது பெட்டியில் "2.0", "2.1" என்று எண் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், 18 கிகாபிட்டுக்கு பிரீமியம் ஹை ஸ்பீட், 48க்கு அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற சான்று முத்திரைதான் கணக்கு. நீளம் கூடக் கூடச் செம்புக் கேபிள் திணறும். ஆப்டிகல் கேபிள் போட்டால் அதற்குத் திசை உண்டு, கம்ப்யூட்டர் முனையை டிவியில் செருகினால் எதுவுமே வராது.

பல டிவிகளின் மெனுவில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் அதிக வேக சிக்னலை ஏற்கலாமா என்று ஒரு தேர்வு இருக்கும். அது ஆஃப் ஆக இருந்தால் முழுத்தரத்தில் 4கே 60 கிடைக்காமல் போகலாம், ஆன் செய்ததும் பழைய கேபிள் தாங்காமல் திரை இருண்டுவிடவும் கூடும். இருண்டால் பதற வேண்டாம், அதை மறுபடி ஆஃப் செய்யுங்கள்.

டிவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் மட்டும் படம் வரவில்லையா? அணைந்த நேரத்தில் 19வது பின் அமைதியாகிவிட்டது, கம்ப்யூட்டர் "திரையே இல்லை" என்று நினைத்துவிட்டது. இதற்கு ஈடிஐடி எமுலேட்டர் என்று விரல் நீளத்தில் ஒரு சின்னப் பொருள் கிடைக்கும், நடுவில் மாட்டினால் டிவி எப்போதும் இருப்பதுபோலக் காட்டும். விண்டோஸுக்குப் பதில் லிப்ரிஎலெக் (படம் பார்ப்பதற்கென்றே உள்ள லினக்ஸ்) வைத்திருப்பவர்கள் படம் நன்றாக வரும் நேரத்தில் டிவியின் ஈடிஐடியைக் கோப்பாகச் சேமித்து, பூட் ஆகும்போது அதையே படிக்கச் சொல்லலாம், காசு செலவில்லை.

கோடி (Kodi) என்ற படம் பார்க்கும் மென்பொருளில் படம் போட்டவுடன் திரை இருள்கிறது என்றால் ரிஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதை, படத்துக்கேற்ப மாற்றும் அமைப்பைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸிலிருந்து 23.976க்குத் தாவும்போது ஓரிரு விநாடி கறுப்பாவது இயல்பு. வராமலே போனால் அந்த அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

கடைசியாக, வேறொரு கருவியை அதே டிவி போர்ட்டில் மாட்டுங்கள், கம்ப்யூட்டரை வேறொரு திரையில் மாட்டுங்கள். கம்ப்யூட்டரின் போர்ட்தான் போய்விட்டது என்று தெரிந்தாலும் கார்டை மாற்ற அவசரப்பட வேண்டாம், பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகைப் பட இணைப்பு இருந்தால் அதிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் போதும். 4கே 60 வேண்டுமென்றால் ஆக்டிவ் வகையாக, அதாவது சிக்னலை மாற்றும் சிப் உள்ளேயே இருப்பதாக, பார்த்து வாங்குங்கள். எதிர்த்திசையில், ஹெச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றும் அடாப்டரும் பார்க்க அச்சு அசலாக இதேபோல இருக்கும், ஆனால் இங்கே வேலை செய்யாது.