ஆலை அலாரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்ப மோடம் அமைப்பது எப்படி?

கம்ப்ரசர் நின்றுவிட்டால் பேனலில் சிவப்பு விளக்கு எரியும்; ஹூட்டரும் ஒலிக்கும். அதைக் கேட்க ஆளில்லாத நேரத்தில் அந்தத் தகவலைப் பொறுப்பாளரின் கைப்பேசிக்குக் கொண்டுசேர்ப்பதுதான் நாம் இங்கே அமைக்கப்போகும் மோடத்தின் வேலை. சிம் அட்டையும் சீரியல் போர்ட்டும் (கம்பி வழியாகக் கட்டளைகளைப் பெறும் இணைப்பு) உள்ள ஒரு மோடத்தைப் பிஎல்சியுடன், அதாவது ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியுடன், இணைப்பதாக வைத்துக்கொள்வோம். தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குறுஞ்செய்தி நேராகக் கைப்பேசிக்குப் போவதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் சேவை மையத்தில் சேமிக்கப்பட்டு அங்கிருந்து அனுப்பப்படுகிறது. அது சில நொடிகளில் வரலாம், தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். எனவே இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு இன்டர்லாக்குக்கு மாற்றாக இதை ஒருபோதும் கருதக் கூடாது.

படி 1: மோடமும் சிம்மும்

பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்டு வருவதால், பழைய 2ஜி மோடம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல், உங்கள் சேவை நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகளுக்கு ஏற்ற 4ஜி மோடத்தையே தேர்ந்தெடுங்கள். சிம்மிலும் கவனம் தேவை: டேட்டாவுக்கு மட்டும் தரப்படும் சில சிம்களில் குறுஞ்செய்தி வசதி இருக்காது. சிம்மை முதலில் ஒரு சாதாரணக் கைப்பேசியில் செருகி, பின் எண் பூட்டை நீக்கிவிட்டு, ஒரு செய்தியை அனுப்பிப் பாருங்கள். கைப்பேசியிலிருந்தே போகாத செய்தி மோடத்திலிருந்தும் போகாது.

படி 2: மின்சாரமும் ஆன்டெனாவும்

பேனலில் உள்ள 24 வோல்ட் டிசி சப்ளையிலிருந்தே பெரும்பாலான தொழில்துறை மோடம்களுக்கு மின்சாரம் எடுக்கலாம். மோடம் சும்மா இருக்கும்போது குறைவாகவும், சிக்னல் அனுப்பும் கணத்தில் பல மடங்கும் மின்னோட்டத்தை இழுக்கும். சப்ளை வலுவில்லாமல் இருந்தால், எல்லா நேரமும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் மோடம் செய்தி அனுப்பும் நேரத்தில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். அத்துடன், மின்தடையே ஒரு அலாரமாக இருக்கும் இடத்தில் மோடத்துக்கும் பிஎல்சிக்கும் பேட்டரி ஆதரவு அவசியம். இதை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

ஆன்டெனாவை இரும்புப் பேனலுக்கு வெளியே பொருத்துங்கள். கதவு திறந்திருக்கும்போது சிக்னல் போதுமானதாகத் தெரியும். வேலை முடித்துக் கதவை மூடிய பிறகுதான் உண்மை நிலை தெரியவரும்.

படி 3: கணினியில் சோதனை

பிஎல்சியுடன் இணைக்கும் முன், மோடத்தைக் கணினியில் இணைத்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து பதிலைப் பார்க்க உதவும் ஒரு டெர்மினல் மென்பொருளைத் திறந்து, கையேட்டில் உள்ள வேகத்தையும் (பெரும்பாலும் 9600 அல்லது 115200) 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்ற அமைப்பையும் கொடுங்கள். கீழே வரும் கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்த வேண்டும்.

ஏடி என்று அனுப்பினால் ஓகே வர வேண்டும்; வராவிட்டால் வேகத்தையோ கேபிளையோ சரிபாருங்கள். ஏடி+சிபிஐஎன்? என்பதற்கு ரெடி என்ற பதில் வந்தால் சிம் தயார். ஏடி+சிஎஸ்க்யூ என்பது 0 முதல் 31 வரையிலான சிக்னல் அளவைத் தரும். 99 என்று வந்தால் அளவிட முடியவில்லை என்று பொருள். இந்த எண்ணை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் கிடைக்கும். 15 என்பது −83 டிபிஎம். பத்துக்குக் கீழே இருந்தால் நான் ஆன்டெனாவின் இடத்தை மாற்றிவிடுவேன். ஏடி+சிஆர்ஈஜி? என்பதற்கான பதிலில் இரண்டாவது எண் 1 என்றால் சொந்த வலையமைப்பிலும், 5 என்றால் ரோமிங்கிலும் மோடம் பதிவாகியுள்ளது. 2 என்றால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது, 3 என்றால் பதிவு மறுக்கப்பட்டுள்ளது.

படி 4: முதல் செய்தி

ஏடி+சிஎம்ஜிஎஃப்=1 என்று அனுப்பி டெக்ஸ்ட் முறைக்கு மாறுங்கள். அடுத்து ஏடி+சிஎம்ஜிஎஸ்= என்று தொடங்கி, நாட்டுக் குறியீட்டுடன் கூடிய கைப்பேசி எண்ணை இரட்டை மேற்கோள்குறிக்குள் கொடுத்து என்டரை அழுத்துங்கள். ஓகே வராது, > என்ற குறி மட்டும் வரும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மோடம் உறைந்துவிடவில்லை, செய்திக்காகக் காத்திருக்கிறது. செய்தியைத் தட்டச்சு செய்து, என்டருக்குப் பதிலாகக் கண்ட்ரோல் விசையுடன் இசட்டை அழுத்த வேண்டும். பிஎல்சியில் இதற்கு ஆஸ்கி (எழுத்துகளையும் விசைகளையும் எண்களாகக் குறிக்கும் முறை) எண் 26ஐ அனுப்ப வேண்டும். அந்த 26 போகாமல் நின்றுவிட்டால், பிஎல்சி அடுத்து அனுப்பும் ஏடி கட்டளையைக்கூட மோடம் செய்தியின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் முன் எஸ்கேப் குறியான 27ஐ அனுப்பிப் பழைய நிலையை ரத்து செய்யும் வழக்கத்தை நான் விடுவதில்லை.

ஒரு செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழுக்கு வழக்கமாகப் பயன்படும் யூசிஎஸ்2 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் 70 மட்டுமே. தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளே போதும். எந்த இயந்திரம், என்ன நிலை, என்ன அளவு, எத்தனை மணி என்ற நான்கும் செய்தியில் இருக்கட்டும்.

படி 5: பிஎல்சி நிரல்

பிஎல்சி போர்ட்டில் உள்ள இணைப்பு ஊசிகளின் அமைப்பு கணினியினுடையதிலிருந்து வேறுபடலாம் என்பதால், கையேட்டைப் பார்த்து அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் சரியாகச் சேர்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். அலாரம் தோன்றும் கணத்தில் ஒரே ஒரு செய்தி போக வேண்டும்; அலாரம் நீடிக்கும்வரை போய்க்கொண்டே இருக்கக் கூடாது. முன்பு நான் அமைத்த ஒரு தொட்டியில் நீர் அலைமோதியதால் ஃப்ளோட் சுவிட்ச் (நீர்மட்டத்தோடு மிதந்து இயங்கும் சுவிட்ச்) விட்டுவிட்டு இணைந்தது. விடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள் வந்துவிட்டன. அதைவிட மோசம், ஆபரேட்டர் அந்த எண்ணையே மௌனமாக்கிவிட்டார். அதன்பின் 10 நொடி தாமத டைமர் இல்லாமல் எந்த நீர்மட்ட அலாரத்தையும் நான் இணைத்ததில்லை. ஒரு செய்திக்கான ஓகே வந்த பிறகே அடுத்ததை அனுப்புங்கள். 60 நொடிக்குள் வராவிட்டால் மீண்டும் முயலுங்கள், அதுவும் தோற்றால் பேனலில் தனி விளக்கை எரிய விடுங்கள். அந்த ஓகேகூடச் செய்தி சேவை மையத்தை எட்டியதற்குத்தான் சான்று. அதை ஒருவர் படித்தார் என்பதற்கு அல்ல. ஆகவே குறிப்பிட்ட நேரத்துக்குள் யாரும் பேனலில் அலாரத்தை ஏற்காவிட்டால், இரண்டாவது எண்ணுக்குச் செய்தி போகும்படி நிரலில் சேருங்கள்.

படி 6: தினசரிச் செய்தி

ரீசார்ஜ் காலாவதியான சிம்மும் அலாரமே இல்லாத ஆலையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்: இரண்டிலும் செய்தி வராது. இதைப் பிரித்தறிய, ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் மோடம் ஒரு சோதனைச் செய்தியை அனுப்பட்டும். அது வந்ததை லாக் புத்தகத்தில் குறிப்பது யாருடைய பொறுப்பு என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

இறுதிச் சோதனையை, நிரலில் அலாரத்தின் மதிப்பை மட்டும் மாற்றிச் செய்ய வேண்டாம். பேனல் கதவை மூடி, மெயின் மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியில் ஓடும்போது உண்மையான அலாரத்தையே உண்டாக்கி (தொட்டி என்றால் அதன் ஃப்ளோட்டைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு), கைப்பேசி ஒலிக்கிறதா என்று பாருங்கள்.