நிற்கும் விமானத்தில் புகை வந்தால்: இருக்கையிலிருந்து தரை வரை

விமானம் நகரவே இல்லை. கதவு சாத்தியாகிவிட்டது, எல்லோரும் பெல்ட் போட்டாயிற்று. அப்போது மேலே பெட்டி வைக்கும் அடுக்கிலிருந்து புகை. இறங்கச் சொன்னார்கள். பத்திரமாக இறங்கிவிட்டேன், ஆனால் எழுந்திருப்பதற்கே நேரம் பிடித்தது. காரணம், பெல்ட்.

அதனால் முதல் படி அதுதான். நம் கை காருக்குப் பழகியது. பதற்றத்தில் விரல் இடுப்போரம் போய்ப் பொத்தானைத் தேடுகிறது. விமானத்தில் பொத்தான் கிடையாது, வயிற்றுக்கு நேரே இருக்கும் உலோக மூடியைத் தூக்க வேண்டும். எனக்கும் இது தெரியும். தெரிந்தும் கை இடுப்புக்குத்தான் போனது. உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை போட்டுக் கழற்றிப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் இருக்கையிலிருந்து முன்கதவுக்கு எத்தனை வரிசை, பின்கதவுக்கு எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். புகையில் வெளியேறும் வழி காட்டும் பலகை தெரியாது, இருக்கை முதுகைத் தொட்டு எண்ணித்தான் போக முடியும். பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 நொடிக்குள் அனைவரும் வெளியேற முடிந்தால்தான் விமான மாதிரிக்குச் சான்றிதழ். அந்தச் சோதனையில் புகை கிடையாது. 1985இல் மான்செஸ்டரில் தரையிலேயே எரிந்த விமானத்தில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால்.

குனிந்து நடங்கள். மூக்கில் ஈரத்துணி வையுங்கள். அது கரியைக் கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைத் தடுக்காது. ஆக்சிஜன் முகமூடியை நம்பாதீர்கள், அதில் கேபின் காற்றும் கலந்துதான் வரும்.

பெட்டியைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட்டும் மருந்தும் உடம்போடு ஒட்டிய சிறு பையில் இருக்கட்டும், முதுகுப்பையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

கதவை நீங்களாகத் திறக்க வேண்டாம். நிற்கும் விமானத்தில், கதவோடு சேர்ந்து விரியும் சறுக்குப்பாதையின் இணைப்பை நீக்கி வைத்திருக்கலாம். திறந்தால் சறுக்கு விரியாது, கீழே ஒரு மாடி உயரம். நிலையத்திலிருந்து ஏறி வந்த பாலம் இன்னும் ஒட்டியிருந்தால் அதன் வழியே அனுப்புவார்கள். இறக்கைக் கதவருகே உட்கார்ந்திருந்தால், ஊழியர் சொன்ன பிறகும் ஜன்னல் வழியே வெளியே தீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டே திறக்க வேண்டும். சறுக்கில் உட்காராமல், கைகளை மார்பில் கட்டிக் குதியுங்கள். குதிகால் செருப்பு சறுக்கைக் கிழிக்கும், கழற்றிவிடுங்கள். இறங்கியதும் காற்று வரும் திசையை நோக்கித் தள்ளிப் போங்கள்.

பின்சேர்க்கை: பவர் பேங்கை எங்கே வைப்பது என்று சிலர் கேட்டார்கள். அது தீப்பிடிக்கலாம், அதனால் மேல் அடுக்கில் வேண்டவே வேண்டாம், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் கிளம்பக் காத்திருந்த விமானத்தில் மேல் அடுக்கில்தான் தீ பிடித்தது. 176 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.