அக்ரிலிக் கட்டையில் நிற்காத ரப்பர் ஸ்டாம்ப்

மூன்று நாள் இதிலேயே போனது. மரக்கட்டையிலிருந்து கழற்றி, பின்பக்கம் ஒட்டும் ஃபோம் வைத்த ரப்பர் ஸ்டாம்ப், கையில் பிடித்து அழுத்தும் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) கட்டையில் நிற்கவே இல்லை. மை தொட்டு அழுத்தித் தூக்கினால் தாளோடு போய்விடும். இரட்டைப் பக்க டேப் போட்டேன், உரிக்கும்போது ஃபோம் ஓரம் பிய்ந்ததுதான் மிச்சம். கட்டையைக் கழுவியும் அதே கதை. அப்புறம் ஃபோமை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வெள்ளைப் படலம்: வெறும் தாள் மேல் வைத்திருந்ததில் ஒட்டிய தாள் நார். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரலால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைக்காமல் (முதல் தடவை துடைத்து, துண்டின் நூலெல்லாம் ஒட்டிக்கொண்டது) காற்றில் உலர்த்தினேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இப்போது லேமினேட் செய்த அட்டையில் ஒட்டி, காலி சிடி பெட்டிகளில் நிறுத்தி வைக்கிறேன்.