தண்ணீர் இல்லாமல் முட்டை வேகவைக்க: மொட்டை மாடியில் ஒரு சூரிய அடுப்பு

தர்மபுரிப் பக்கம் ஏப்ரல் மதியத்தில் மொட்டை மாடியில் வெறுங்காலுடன் பத்து அடி நடந்தவருக்குச் சூரிய அடுப்பைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூட்டை ஒரு பெட்டிக்குள் பிடித்து வைப்பதுதான் வேலை. பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று கோடையாக இதில் முட்டை வேகவைக்கிறேன். முதல் கோடையில் கோட்டைவிட்டேன்; அது கீழே வரும்.

முதலில் பெட்டி

இரண்டு அட்டைப் பெட்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னதைப் பெரியதற்குள் வைத்தால் சுற்றிலும் அடியிலும் இரண்டு அங்குல இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வைக்கோலைப் போடுங்கள். மாம்பழப் பருவத்தில் பழக்கடைக்காரரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார். அழுத்தித் திணிக்காதீர்கள். சூட்டை வெளியே விடாமல் காப்பது வைக்கோலுக்கு இடையே சிக்கிய காற்று; அதை நசுக்கிவிட்டால் பயன் குறையும். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். சூட்டில் இளகி நாற்றமெடுக்கும்.

உள்பெட்டியின் சுவர்களில் அலுமினியத் தாளை மைதாப் பசையால் ஒட்டுங்கள். மேலே மூடக் கண்ணாடி வேண்டும். படத்துக்குச் சட்டம் போடும் கடையில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கை கிழியும். வெளிப்பெட்டியின் மூடி மடிப்பு ஒன்றிலும் அலுமினியத் தாளை ஒட்டி, குச்சி முட்டுக்கொடுத்து நிமிர்த்துங்கள். அதில் பட்டு வரும் வெளிச்சம் கண்ணாடிமேல் பளிச்சென்று விழ வேண்டும். விழும் இடத்தைப் பார்த்தே சாய்வைச் சரிசெய்யுங்கள். தாளை நேராக உற்றுப் பார்த்தால் கண் கூசி வலிக்கும்.

பாத்திரம் கருப்பாக இருக்க வேண்டும். இதற்காகப் பெயின்ட் வாங்காதீர்கள். விறகடுப்பில் புழங்கிய பழைய அலுமினியச் சட்டி பரணில் கிடக்குமே, அதன் வெளிப்புறக் கரியைத் தேய்க்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

இது புதிய வித்தை ஒன்றுமில்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சோசூர் என்ற அறிவியலாளர் 1767-இலேயே கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, வெயிலிலேயே பழங்களை வேகவைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்குக் கிடைத்த வெயிலைவிட நமக்குக் கிடைப்பது அதிகம்.

நான் செய்த தவறு

முதல் முறை, வீட்டு அடுப்பில் செய்வதைப் போலவே முட்டைகள் மூழ்கத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மூன்று மணிக்கு உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கரு கைமேல் வழிந்தது. ஆறும் வீண்.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை அடிச் சதுரக் கண்ணாடியில், தெளிந்த வானத்து நண்பகலில் விழும் வெயில் சுமார் 200 வாட். வீட்டில் இருக்கும் மின்சார அடுப்பில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்க ஆகும் வெப்பத்தில் இருபது முட்டைகளைச் சூடாக்கிவிடலாம். முட்டைக்குள் அது வேகத் தேவையான ஈரம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

வேகவைக்கும் நாள்

நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணிக்கு அல்ல. ஏப்ரலில் 12.15 கடந்துதான் வருகிறது. அந்த நேரம் நடுவில் அமையும்படி திட்டமிடுங்கள். 10.30 மணிக்கு வெறும் சட்டியை மூடிப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடியையும் மூடிவிடுங்கள். தென்னை நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ மதியம் எங்கே நகரும் என்று முந்தைய நாளே பார்த்துவைப்பது நல்லது. எனக்குத் தொட்டி நிழல் இரண்டு முறை வேலை வைத்திருக்கிறது.

11 மணிக்கு, விரிசல் இல்லாத ஆறு முட்டைகளைத் துடைத்துச் சட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததென்றால் முன்பே வெளியில் வைத்துக் குளிர் போகவிடுங்கள். தையல்காரரிடம் வாங்கிய கருப்புப் பருத்தித் துணித் துண்டு ஒன்றை முட்டைகள்மேல் போர்த்தி, சட்டியை மூடுங்கள். பிறகு பெட்டியைத் திறக்காதீர்கள். திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் சேர்த்த சூடு போய்விடும். அரை மணிக்கு ஒரு முறை பெட்டியை மட்டும் சூரியன் பக்கம் சற்றே திருப்பினால் போதும்.

ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும். நாட்டுக்கோழி முட்டை சின்னது. கொஞ்சம் முன்னதாகவே வெந்துவிடும். துணியால் பிடித்து ஒன்றை வெளியே எடுங்கள், சட்டியும் கண்ணாடியும் நன்றாகவே சுடும். தரையில் வைத்துச் சுழற்றுங்கள். வெந்தது பம்பரமாகச் சுற்றும்; வேகாதது தள்ளாடி நின்றுவிடும்.

நடுவில் மேகம் மூடிவிட்டால் பிடிவாதம் வேண்டாம். கோடை மழைக்கு முன்னால் இங்கே வானம் சட்டென்று மாறும். வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடக்கும் அரைவேக்காட்டு முட்டையில் கிருமிகள் பெருகும். உடனே கீழே கொண்டுபோய் எரிவாயு அடுப்பில் வேகவைத்துவிடுங்கள்.

உரித்தால் வெள்ளைக்கருவில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் தெரியலாம். கெட்டுப்போனதல்ல, தண்ணீரில்லாமல் வெந்ததன் அடையாளம். ருசியும் அவித்ததைவிடச் சுட்டதன் பக்கம்தான் சாயும். மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையாக ஒரு வளையம் இருந்தால், அடுத்த முறை கால் மணி முன்னதாக எடுங்கள்.

முட்டைகளை எடுத்தபின் பெட்டியைத் திறந்து போடாதீர்கள். பிற்பகலிலும் நல்ல சூடு மிஞ்சியிருக்கும். நமத்துப்போன நிலக்கடலையை ஒரு தட்டில் பரப்பி உள்ளே வைத்தால், மாலைக் காப்பிக்குள் மொறுமொறுப்பாகிவிடுகிறது.