ஆஸ்பத்திரி கைகாட்டும் பராமரிப்பு இல்லத்தில் அப்பாவைச் சேர்க்கும் முன்

பக்கவாதம் வந்த அப்பாவை நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டு, கையோடு ஒரு பராமரிப்பு இல்லத்தின் விசிட்டிங் கார்டையும் நீட்டுவார்கள். பதற்றத்தில் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது, கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் நேராகவே: "இந்த இல்லத்தில் உங்களுக்கோ ஆஸ்பத்திரிக்கோ பங்கு இருக்கிறதா? ஆள் அனுப்பினால் ஏதாவது தருவார்களா?" கோபம் வந்தால் வரட்டும். நோயாளியை அனுப்பிவைப்பதற்காக ஒரு டாக்டர் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகளில், 6.4ஆம் பிரிவில், தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த விதி டாக்டருக்குத்தான். கார்டு நீட்டும் ஊழியரும் இடைத்தரகரும் அதற்குள் வரமாட்டார்கள், சிக்கலே அங்கேதான்.

அப்புறம், ஒரே பெயர் சொன்னால் இன்னும் இரண்டு பெயர் கேளுங்கள். அப்பாவுக்கு என்ன தேவை (மூக்குக்குழாய் உணவா, படுக்கைப்புண் கவனிப்பா, தினமும் பிசியோதெரபியா) என்று டாக்டரிடமே எழுதி வாங்கி, அதை வைத்து ஒவ்வொரு இல்லத்தையும் விசாரியுங்கள். சொல்லாமல் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள், இரவில் நர்ஸ் இருப்பாரா என்று கேளுங்கள். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டாக்டரே கமிஷன் வாங்கியதற்கு ஆதாரம் இருந்தால் மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். இல்லத்தில் கவனிப்பு மோசம் என்றால் முதியோர் உதவி எண் 14567.