வேர்டில்ல ஆறு சான்ஸும் வீணாப் போறதுக்கு காரணமான தப்புகள்

வேர்டில்னா ஒளிஞ்சிருக்கற அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தைய ஆறு சான்ஸ்ல கண்டுபிடிக்கற கேம், நாம போடுற எழுத்து சரியான கட்டத்துல இருந்தா பச்சை, வேற கட்டத்துல இருந்தா மஞ்சள், இல்லனா சாம்பல். நாலு கட்டம் பச்சை, ஒரே ஒரு எழுத்து தான் பாக்கி, அப்படியும் ஆறாவது சான்ஸ்ல அவுட்டு. வேர்டில் ஆடுற யாரைக் கேட்டாலும் இந்தப் புலம்பல் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், லக் இல்லப்பானு சொல்லிட்டு போயிடுவாங்க. எனக்கென்னவோ லக்க திட்டுறதுல நியாயம் இல்லனு தோணுது, ஏன்னா முக்கால்வாசி நேரம் நாம ஒவ்வொரு சான்ஸ்லயும் ஜெயிச்சிடணும்னு பாக்குறோமே தவிர அந்த சான்ஸ வச்சு எதையாவது தெரிஞ்சுக்கலாம்னு பாக்குறதே இல்ல.

பெரிய தப்பே இது தான். ரெண்டாவது சான்ஸ்லயே கடைசி நாலு எழுத்து ஏ, டி, சி, ஹெச்னு பச்சை ஆயிடுச்சுனு வைங்க. உடனே கை பரபரனு மேட்ச், அது இல்லனா கேட்ச், அதுவும் இல்லனா வாட்ச்னு வரிசையா போட ஆரம்பிச்சிடும். கொஞ்சம் நிறுத்தி எண்ணிப் பாருங்க. மேட்ச், கேட்ச், வாட்ச், ஹேட்ச், லேட்ச், அப்புறம் பேட்ச் ரெண்டு (காலேஜ் பேட்ச் ஒண்ணு, கிழிசல்ல ஒட்டுற பேட்ச் ஒண்ணு, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும், மன்னிச்சுக்கோங்க). ஆக ஏழு வார்த்தை, கையில இருக்கறது நாலு சான்ஸ்.

இங்க மூணாவது சான்ஸ்ல, விடையா இருக்கவே வாய்ப்பில்லாத ஒரு வார்த்தைய வேணும்னே போடணும். க்ளைம்ப் போடுங்க, மலை ஏறுற க்ளைம்ப் தான். முதல் கட்டத்துல சி பச்சை ஆனா விடை கேட்ச். எல் மஞ்சள் ஆனா லேட்ச், எம் மஞ்சள் ஆனா மேட்ச், கடைசில சத்தமே இல்லாம உக்காந்திருக்கற பி மஞ்சள் ஆனா காலேஜ் பேட்ச். விடை கேட்ச் இல்லனா சி மஞ்சளா வரும், அது நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச நாலாவது கட்டத்து சி தான், அதப் பாத்து குழம்பிடாதீங்க. இந்த நாலும் இல்லனா மிச்சம் ஹேட்ச், வாட்ச், ஒட்டுற பேட்ச், மூணு தான், சான்ஸும் கரெக்டா மூணு இருக்கு. எப்படிப் போட்டாலும் தோக்க மாட்டீங்க.

லைட், நைட், ஃபைட், ரைட், டைட் கூட்டமும் இதே மாதிரி தான், சவுண்ட், ரவுண்ட் கூட்டமும் இதே தான். 2022 செப்டம்பர்ல பேரர்னு ஒரு விடை வந்தது, தோல் சீவுற ஐட்டம், பேப்பர், பேஜர், பேயர், பேசர்னு போட்டுப் போட்டு அன்னிக்கு ஏகப்பட்ட பேரோட ஸ்ட்ரீக், அதாவது நாள் தவறாம ஜெயிச்சிட்டு வந்த கணக்கு, காலி. ஹார்ட் மோட் ஆன் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு இந்த க்ளைம்ப் வித்தை செல்லாது, பச்சை ஆன எழுத்த மாத்தவே விடாது, அதனால அவங்க ஆரம்பத்துலயே இந்த மாதிரி கூட்டத்துல போய் சிக்காம பாத்துக்கணும்.

அடுத்தது முதல் வார்த்தை. அடியூ (ஏ, டி, ஐ, ஈ, யூ) போடுறவங்க எக்கச்சக்கம், நாலு உயிரெழுத்து ஒரே அடில தெரிஞ்சிடுமேனு. தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? ஈயும் ஏயும் பாதிக்குப் பாதி வார்த்தைல இருக்கு, ஒரு வார்த்தையிலேர்ந்து இன்னொண்ண பிரிச்சுக் காட்டுறது ஆர், டி, எல், எஸ், என் மாதிரி எழுத்துங்க தான், இது எல்லாமே யூவ விட அதிகமா வரும். கேம இப்ப நடத்துற நியூயார்க் டைம்ஸோட வேர்டில்பாட் (நம்ம ஆட்டத்த அலசிச் சொல்ற ப்ரோக்ராம்) முதல்ல க்ரேன்னு சொல்லிட்டிருந்தது, அப்புறம் ஸ்லேட்டுக்கு மாறிச்சு, ரெண்டுலயும் உயிரெழுத்து ரெண்டே ரெண்டு தான்.

கூகுள்ல அஞ்செழுத்து வார்த்தை லிஸ்ட் தேடி அதுலேர்ந்து எடுத்துப் போடுறவங்களும் உண்டு, தப்புனு சொல்ல மாட்டேன், ஆனா அந்த லிஸ்ட்ல இருக்கற எல்லாத்தையும் சமமா நினைக்காதீங்க. கேம் ஏத்துக்கற வார்த்தை 12,000க்கு மேல, ஆனா ஆரம்பத்துல விடையா வச்சது சுமார் 2,300 தான். ஜோஷ் வார்டில் இந்த கேம அவரோட பார்ட்னர் பலக் ஷாவுக்காக பண்ணாரு, அவங்க தான் உக்காந்து தனக்குத் தெரிஞ்ச வார்த்தை எது தெரியாதது எதுனு பிரிச்சுக் கொடுத்தாங்க. அதனால வாயில நுழையாத வார்த்தை விடையா வர்றது அபூர்வம். நாலெழுத்து வார்த்தைக்கு பின்னாடி சும்மா ஒரு எஸ் ஒட்டின பன்மையும் விடையா எதிர்பாக்காதீங்க.

ரெட்டை எழுத்து மேட்டர்ல நல்லா ஆடுறவங்களே சறுக்குவாங்க. விடை ஸ்லேட், நீங்க இரேஸ் போட்டீங்கனா கடைசி ஈ பச்சை, முதல் ஈ சாம்பல். ஈ ஒரு தடவை தான் இருக்குனு அர்த்தம், ஈயே இல்லனு இல்ல. அதே சமயம் நீங்க ஒரே ஒரு எம் போட்டு அது பச்சை ஆச்சுனா இன்னொரு எம் இல்லவே இல்லனு முடிவு பண்ணிடாதீங்க, மம்மினு ஒரு வார்த்தை இருக்கு, எகிப்து பிரமிடுக்குள்ள படுத்திருக்குமே அது, அதுல எம் மூணு.

கடைசியா ஸ்பெல்லிங். நம்ம ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அதுல கலர் ஆறெழுத்து, அதனால அது நமக்கு ஞாபகத்துக்கே வராது, ஆனா இது அமெரிக்க கேம், யூவ தூக்கிட்டு அஞ்செழுத்தா எழுதுவான். 2022 ஜனவரில ஃபேவரும் பிப்ரவரில ஹ்யூமரும் அப்படித் தான் யூ இல்லாம விடையா வந்து, பிரிட்டன்காரங்க ட்விட்டர்ல கொதிச்சுப் போயிட்டாங்க. கேம நியூயார்க் டைம்ஸ் வாங்கினப்புறம் விடை லிஸ்ட்லேர்ந்து ஒருசில வார்த்தைய தூக்கினாங்க, ஆர் ஈனு முடியற ஃபைபர் அதுல ஒண்ணு. அதனால ஈ ஆரா ஆர் ஈயானு சந்தேகம் வந்தா ஈ ஆரயே போடுங்க.