கார் வாங்க முதல் இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள்

கனடாவின் ஒன்டாரியோவுக்கு வந்த புதிதில் நம்மவர்கள் பலர் காருக்கு முற்பணம் கட்டிவிட்டு, அப்புறம்தான் இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். சிலருக்கு அது கார்த் தவணையைவிடக் கூடுதலாக வந்து நிற்கும். தயவுசெய்து மாற்றிச் செய்யுங்கள்.

ஊரில் பத்து வருடம் லொறி ஓடியவராக இருக்கலாம். இன்சூரன்ஸ்காரர் உங்கள் கையைப் பார்ப்பதில்லை, கடதாசியைத்தான் பார்ப்பார். எனவே இலங்கையிலிருந்து புறப்பட முன்பே, லைசென்ஸ் எப்போது எடுத்தது என்று உறுதிப்படுத்தும் கடிதத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்தை அது காட்டினால், எழுத்துப் பரீட்சையும் கண் பரிசோதனையும் முடித்து நேரே ‘ஜீ’ (இங்குள்ள முழு லைசென்ஸ்) ரோட் டெஸ்டுக்குப் போகலாம். முழு ‘ஜீ’ இருந்தால், அதற்கு முந்தின படியான ‘ஜீ 2’ லைசென்ஸ்காரரைவிடக் கட்டணம் பெரும்பாலும் குறையும். ஊர் அனுபவத்தை எல்லா நிறுவனமும் கணக்கில் எடுக்காது; எடுக்கிற நிறுவனத்தைத் தேடித்தரும் புரோக்கரைப் பிடியுங்கள். நன்றாக ஓடுபவரும் இங்கே சில வகுப்பு எடுப்பது நல்லது, பனியில் ஓடுவது வேறு பழக்கம். உங்கள் பிழையால் நடந்த ஒரு விபத்து பொதுவாக 6 வருடம் கட்டணத்தில் தெரியும், வேகமாக ஓடியது போன்ற குற்றத்துக்குப் பொலிஸ் எழுதும் டிக்கெட் 3 வருடம்.

சரி, எந்தக் கார்? ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு காருக்கு இன்சூரன்ஸ் ஒன்றாக இராது. அந்த மாடல் எவ்வளவு திருட்டுப் போகிறது, திருத்த என்ன செலவாகிறது, மோதினால் உள்ளே இருப்பவர்களுக்கு எவ்வளவு காயம் என்று பழைய நட்டஈட்டுக் கோரிக்கைகளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஹொண்டா சி.ஆர்.-வி, டொயோட்டா ஹைலேண்டர், லெக்சஸ் ஆர்.எக்ஸ் மாதிரியானவை திருடர்கள் தேடித் திரிபவை. சில நிறுவனங்கள் இவற்றுக்கு மேலதிகக் கட்டணம் கேட்கின்றன, அல்லது கார் எங்கே என்று காட்டும் ட்ராக்கர் பூட்டச் சொல்கின்றன. பிடித்த இரண்டு மூன்று காரின் வருடத்தையும் மாடலையும் புரோக்கரிடம் சொல்லி விலை கேட்டபிறகே கையெழுத்து வையுங்கள். வின்டர் டயர் பூட்டுவதையும் சொல்லுங்கள். 2016 முதல் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அதற்குக் கட்டணக் கழிவு கொடுத்தே ஆகவேண்டும்.

இருக்கிற இடத்தைப் பொறுத்தும் கட்டணம் மாறும். டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு, கட்டணம் குறையும் என்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரின் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் நட்டஈடு கிடைக்காமல் போகலாம். பொலிசி ரத்தானால் அடுத்த நிறுவனமும் உங்களை எடுக்கத் தயங்கும்.